குதிரையின் முதுகுக்கு எந்த விரிப்பு? வாசகர் கேள்வி – பதில்

புதுச்சேரி, கடலூர் வட்டாரத்தில் குதிரை வளர்ப்பவர்கள் சேணத்தைப் பற்றிய ஐயங்களை எழுதி அனுப்பலாம் என்று சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பல, சேணத்தைக் காட்டிலும் சேணத்துக்கு அடியில் போடும் துணியைப் பற்றியே கேட்கின்றன. கடைகளில் ‘சேடில் பேட்’ என்று விற்கப்படும் அந்தப் பொருளை இங்கே சேணவிரிப்பு என்றே எழுதுகிறேன். கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் இடத்தில் எலும்பு மேலெழுந்து நிற்கும் பகுதியைத் தோள்மேடு என்று குறிப்பிடுகிறேன்.

கேள்வி: ஐயா, வணக்கம். சென்ற ஆடி மாதம் அந்தியூர்ச் சந்தையில் கத்தியவாரி இனப் பெண்குதிரை ஒன்றை வாங்கி வந்தோம். பதினான்கு வயதாகும் என் மகள் அதில் ஏறிப் பழகுகிறாள். சேணம் தெரிந்தவர் ஒருவரிடம் பழையதாக வாங்கியது. அதன் அடியில் போடுவதற்குப் பருத்தி, கம்பளி, ஆட்டுத்தோல், ஜெல், ஃபோம் என்று பல வகை விரிப்புகளைக் காட்டுகிறார்கள். விலை கூடியதைத்தான் வாங்க வேண்டுமா?
– வாசகி ஒருவர், லாஸ்பேட்டை

பதில்: அம்மா, விரிப்பை வாங்குவதற்கு முன்பு அந்தப் பழைய சேணத்தை, விரிப்பு எதுவும் இல்லாமல், குதிரையின் வெறும் முதுகில் வைத்துப் பாருங்கள். சேணவிரிப்பின் வேலை மூன்றுதான்: வியர்வையை உறிஞ்சுவது, சேணத்தின் தோலை அழுக்கிலிருந்து காப்பது, தோலும் தோலும் உரசாமல் நடுவில் ஒரு மென்மையான அடுக்காக இருப்பது. பொருந்தாத சேணத்தைப் பொருந்தச் செய்வது அதன் வேலையன்று; எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் அதைச் செய்ய அதனால் இயலாது. கடிக்கிற செருப்புக்குள் கனத்த காலுறையைப் போட்டுக்கொண்டால் கடி கூடுமே தவிரக் குறையாது. ஒடுக்கமான சேணத்தின் கீழே தடித்த விரிப்பைத் திணித்தால் குதிரைக்கு நேர்வதும் அதுவே.

சேணத்தைத் தோள்மேட்டின் மேல் சற்று முன்தள்ளி வைத்து, மயிர் படிந்திருக்கும் திசையிலேயே பின்னோக்கி நகர்த்தினால் அது தானாக ஓரிடத்தில் வந்து அமரும். அந்த இடத்தில் சேணத்தின் முன்பகுதி, குதிரை நடக்கும்போது பின்னோக்கி அசையும் தோள்பட்டை எலும்பின் மேல் ஏறியிருக்கக் கூடாது. பின்பகுதி கடைசி விலா எலும்பைத் தாண்டக் கூடாது. குதிரைக்குப் பதினெட்டு இணை விலா எலும்புகள் உண்டு. கடைசி எலும்பை விரலால் தடவிக் கண்டுபிடித்து அங்கிருந்து நேர்மேலே பாருங்கள். அதற்கு அப்பால் உள்ள இடுப்புப் பகுதியைக் கீழிருந்து தாங்க விலா எலும்புகள் இல்லை. பிறகு வயிற்று வாரை இறுக்கி மகளை ஏறி அமரச் சொல்லி, சேணத்தின் முன்வளைவுக்கும் தோள்மேட்டுக்கும் இடையே விரல்களை நுழைத்துப் பாருங்கள். இரண்டு அல்லது மூன்று விரல் இடைவெளி இருந்தால் நல்லது. விரலே நுழையவில்லை என்றால் அந்தச் சேணம் உங்கள் குதிரைக்கு உரியதன்று.

கண்ணால் பார்த்து உறுதியாகச் சொல்ல முடியாதவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. மின்வேலைக்காரர்கள் பயன்படுத்தும் தடித்த அலுமினியக் கம்பியில் ஒரு முழ நீளம் எடுத்து, தோள்மேட்டுக்கு நான்கு விரல் பின்னால் முதுகின் குறுக்கே வைத்து இரு பக்கமும் அழுத்தி வளையுங்கள். வளைவு கலையாமல் எடுத்து ஓர் அட்டையில் வரைந்து வெட்டிக்கொண்டால், குதிரையின் முதுகு உங்கள் கையில் இருக்கும். சேணம் வாங்கப் போகும்போது அந்த அட்டையைச் சேணத்தின் அடியில் பொருத்திப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். நான்கு மாதங்களுக்கு ஒரு முறை மறுபடியும் இப்படி அளந்து பழைய அட்டையோடு ஒப்பிடுங்கள். சந்தையிலிருந்து மெலிந்து வந்த குதிரை தீனியாலும் பயிற்சியாலும் தசை வைக்கும்போது முதுகின் வடிவம் மாறும். ஆடியில் பொருந்திய சேணம் தையில் இறுக்கலாம். குதிரை வாங்கும்போது நெற்றிச் சுழி, கழுத்துச் சுழி என்று ஒவ்வொரு சுழியையும் எண்ணிப் பார்க்கிற நம்மவர்கள், ஆயுள் முழுவதும் பாரம் சுமக்கப் போகிற முதுகை ஒரு முறை கையால் தடவிக்கூடப் பார்ப்பதில்லை என்பது எனக்கு நீண்ட நாள் வருத்தம்.

சேணம் பொருந்துகிறது என்றே வைத்துக்கொள்வோம். உங்கள் மகளின் தினசரிப் பயிற்சிக்குப் பஞ்சு வைத்துத் தைத்த பருத்தி விரிப்பே போதும். சித்திரை, வைகாசி வெயிலில் ஏற்கெனவே ஈரக்காற்று நிறைந்த நம் கடற்கரை ஊர்களில் குதிரை வியர்ப்பது மிக அதிகம். பருத்தி அதை நன்றாக உறிஞ்சும், வீட்டிலேயே துவைக்கலாம். நனைந்தால் நெடுநேரம் ஈரமாகவே இருக்கும் என்பது அதன் குறை. அதனால் விலை கூடிய ஒன்றை வாங்குவதைவிட எளிய பருத்தி விரிப்பு மூன்றை வாங்கி மாற்றி மாற்றிப் போடுவதையே நான் சொல்வேன்.

மகள் நெடுந்தொலைவு ஏறிச் செல்லத் தொடங்கினால் கம்பளி நமதாவை, அதாவது கம்பளி இழைகளை நெய்யாமல் அழுத்திச் செய்த தடித்த விரிப்பை, நாடலாம். கம்பளி தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை வாங்கிக்கொண்டும் தொட்டால் நனைந்ததாகத் தெரியாது. அழுத்திய இடத்தில் தட்டையாகிவிடாமல் மீண்டும் எழும். ஆட்டுத்தோல் விரிப்புக்கும் இந்த நற்குணம் உண்டு. ஆனால் அதைத் துவைப்பதும் காயவைப்பதும் பொறுமைக்குச் சோதனை. நம் மழைக்காலத்தில் பூசணம் பிடித்துவிடும். ஃபோம் விரிப்பு கடையில் கையால் அழுத்தும்போது மெத்தென்று இருக்கும். ஆளின் பாரம் ஏறியதும் அது நசுங்கித் தட்டையாகிவிடுவதோடு, முதுகின் வெப்பத்தையும் வெளியே விடாது. நியோப்ரீன் எனப்படும் ரப்பர் வகை விரிப்பு வழுக்காது என்பதற்காக விற்கப்படுகிறது. காற்றுப் புகாத அதை ஒட்டியிருக்கும் தோல் நம் ஊர் வெக்கையில் வெந்துபோகும். ஜெல் விரிப்பு கனமானது. வெயிலில் வைத்தால் சூட்டை ஏற்றுக்கொள்ளும். அது உங்கள் குதிரைக்குத் தேவை இல்லை.

வடிவத்தையும் பார்த்து வாங்குங்கள். முதுகின் நடுக்கோடு நேராக வெட்டப்பட்ட விரிப்பு தோள்மேட்டின் மேல் இழுத்துக் கட்டியதுபோல் அழுத்தும். அந்த இடத்தில் மேல்நோக்கி வளைந்து தைக்கப்பட்டதே நல்லது. சேணத்தின் விளிம்பைச் சுற்றிலும் ஓர் அங்குலமாவது விரிப்பு வெளியே தெரிய வேண்டும். சிறியதாக இருந்தால் அதன் ஓரத்துத் தையல் சேணத்தின் கீழே மாட்டிக்கொண்டு கயிறு வைத்து அழுத்தியதுபோல் ஆகிவிடும். போடும்போது, வாரை இறுக்குவதற்கு முன்பு, விரிப்பின் நடுப்பகுதியைச் சேணத்தின் நடுக்குழிக்குள் நன்றாக மேலே இழுத்துவிட வேண்டும். இதை ஒவ்வொரு நாளும் செய்ய மகளுக்குப் பழக்குங்கள். இந்தச் சிறு செயல் இல்லாவிட்டால், எந்த விரிப்பும் பாரத்தோடு கீழே இறங்கித் தோள்மேட்டின் மேல் படியும்.

கேள்வி: என் குதிரைக்குத் தோள்மேட்டின் இரண்டு பக்கமும் உள்ளங்கை அளவுக்கு வெள்ளை மயிர் முளைத்திருக்கிறது. சேணத்தைக் கையில் எடுத்தாலே காதைப் பின்னால் மடக்கிக்கொண்டு கடிக்க வருகிறது. தடித்த ஃபோம் விரிப்பு போட்டும் சரியாகவில்லை. அதன் மேல் இன்னொன்றும் போட்டுப் பார்த்துவிட்டேன். மூன்றாவது ஒன்று ஜெல்லில் வாங்கலாமா?
– வாசகர் ஒருவர், திருப்பாதிரிப்புலியூர்

பதில்: வாங்காதீர்கள். போட்டிருக்கும் இரண்டையும் இன்றே எடுத்துவிட்டு, சில வாரங்களுக்குச் சேணமே வைக்காமல் குதிரையை ஓய்வில் விடுங்கள். கையில் பிடித்து நடத்திச் செல்வது போதும்.

அந்த வெள்ளை மயிர் வயதால் வந்ததன்று. ஒரே இடத்தில் தொடர்ந்து விழுந்த அழுத்தத்தால் மயிர்க்காலில் நிறம் கொடுக்கும் அணுக்கள் சிதைந்துபோனதன் அடையாளம் அது. பெரும்பாலும் அது மீண்டும் பழைய நிறத்துக்கு வருவதில்லை. அழுத்தம் விழுந்து பல வாரங்கள் கழித்தே வெள்ளை முளைக்கும் என்பதால், நீங்கள் இன்று காண்பது எப்போதோ பட்ட வலியின் தழும்பு. குதிரை கடிக்க வருவதை முரட்டுக்குணம் என்று கொள்ள வேண்டாம். சேணம் வந்தால் வலி வரும் என்று அது கற்றுக்கொண்டிருக்கிறது.

நானும் இதே தவற்றைச் செய்தவன் என்பதால் உங்கள்மேல் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. பல ஆண்டுகளுக்கு முன்பு என்னிடம் இருந்த செவலை நிறக் குதிரை ஒன்று, ஏறிய சில நிமிடங்களில் முதுகைக் குழியவைத்துத் தலையைத் தூக்கிக்கொள்ளும். மெத்தை போதவில்லை என்று நினைத்து விரிப்பின் மேல் விரிப்பாகப் போட்டேன். சேணம் உயர்ந்து ஆடத் தொடங்கியது. ஆடாமல் இருக்க வாரை இன்னும் இறுக்கினேன். ஒரு நாள் சேணத்தை எடுத்தபோது தோள்மேட்டுக்குக் கீழே இரண்டு பக்கமும் எலுமிச்சம்பழ அளவுக்கு வீங்கியிருந்தது. அது ஆறிய பிறகும் நான் அருகில் போகும்போதெல்லாம் அது உடலை விறைத்துக்கொண்டு நின்றது. அதன் நம்பிக்கையைத் திரும்பப் பெற எனக்கு ஓராண்டுக்கு மேல் ஆயிற்று.

ஓய்வுக்குப் பிறகு மெல்லிய வெள்ளைப் பருத்தி விரிப்பு ஒன்றை மட்டும் போட்டு, அரை மணி நேரம் ஏறி வந்து, சேணத்தை எடுத்தவுடன் முதுகைப் பாருங்கள். வியர்வை இரு பக்கமும் ஒரே அளவாகப் படிந்து, முதுகெலும்பின் மேல் மட்டும் ஒரு கோடு உலர்ந்திருந்தால் குறையில்லை. சேணத்தின் நடுக்குழி முதுகெலும்பைத் தொடவில்லை என்பதையே அந்தக் கோடு காட்டுகிறது. நனைந்த பகுதியின் நடுவே உள்ளங்கை அளவுக்குத் திட்டாக உலர்ந்திருந்தால் அதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். சேணம் அங்கே மிகவும் அழுத்தி வியர்வைச் சுரப்பிகள் வேலை செய்யாமல் போயிருக்கலாம். அல்லது சேணம் முன்னும் பின்னும் மட்டும் ஊன்றி நடுவில் தொடாமலே இருந்திருக்கலாம். பிரித்தறிய விரிப்பின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். அழுத்திய இடத்தில் அழுக்கு கருமையாகப் பதிந்திருக்கும். தொடாத இடம் ஏறக்குறைய சுத்தமாக இருக்கும். மயிர் எதிர்த்திசையில் கலைந்திருந்தால் சேணம் அங்கே நகர்ந்து உரசுகிறது. பிறகு இரு பக்கமும் விரல் நுனியால் மிதமாக அழுத்திக்கொண்டே பின்னோக்கிச் செல்லுங்கள். குதிரை எங்கே தோலைச் சிலிர்க்கிறதோ, எங்கே முதுகைத் தாழ்த்துகிறதோ அங்கே வலி இருக்கிறது.

உடல் எங்குமே வியர்வை இல்லாமல், மூக்கு விரிய மூச்சு வாங்கினால் அது விரிப்பைப் பற்றிய செய்தியே அன்று. வெப்பமும் ஈரமும் மிகுந்த ஊர்களில் சில குதிரைகளுக்கு வியர்க்கும் ஆற்றலே நின்றுபோகும். உடனே நிழலுக்குக் கொண்டுவந்து தண்ணீர் ஊற்றிக் குளிர்வித்து மருத்துவரை அழையுங்கள். புதுச்சேரி குரும்பாப்பட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருப்பது இரு ஊர்க்காரர்களுக்கும் எட்டும் தொலைவே.

இடையில் பைகள் வைத்து, வேண்டிய இடத்தில் மட்டும் கம்பளித் துண்டுகளைச் செருகிக்கொள்ளும் விரிப்புகளும் உண்டு. ஒரு பக்கத் தசை மட்டும் குறைந்த குதிரைக்கு, தசை மீளும் வரை, அவை உதவும். சேணம் பொருத்தத் தெரிந்த ஒருவர் குதிரையை நேரில் பார்த்துச் செருக வேண்டியவை அவை. உங்கள் குதிரைக்கு இப்போது வேண்டியது அகலமான வேறு சேணம்.

கேள்வி: விரிப்பின் நிறத்தில் ஏதேனும் இருக்கிறதா?
– வாசகர் ஒருவர், முத்தியால்பேட்டை

பதில்: குதிரைக்கு இல்லை, உங்களுக்கு இருக்கிறது. மேலே சொன்னபடி அழுக்கின் பதிவைப் படிக்க வெள்ளையே உதவும். கறுப்பு விரிப்பு எதையும் சொல்லாது.

கேள்வி: கடற்கரையில் குழந்தைகளை ஏற்றிச் செல்லும் மட்டக்குதிரை ஒன்று வைத்திருக்கிறேன். அதன் வருமானத்தில்தான் குடும்பம் நடக்கிறது. கடை விரிப்பு வாங்க வசதி இல்லை. சாக்கின் மேல் பழைய போர்வையை மடித்துப் போட்டுச் சேணம் வைக்கிறேன். இது தவறா, ஐயா?
– வாசகர் ஒருவர், தேவனாம்பட்டினம்

பதில்: போர்வை தவறே இல்லை, அண்ணே. குதிரைப்படைகள் பலவற்றில் கம்பளிப் போர்வையை மடித்துத்தான் சேணத்தின் கீழே போட்டார்கள். நீண்ட படையெடுப்பில் குதிரை மெலிந்தால் மடிப்பை மாற்றி அதன் முதுகுக்கு ஏற்றபடி சரிசெய்துகொள்வார்கள். நம் ஊர் அய்யனார் கோயில் மண்குதிரைகளுக்குக்கூடச் சேணமும் அணிகளும் வைத்துத்தான் குயவர்கள் முதுகை முடிக்கிறார்கள்.

சாக்கை மட்டும் எடுத்துவிடுங்கள். உர மூட்டைச் சாக்கு பிளாஸ்டிக் இழை. காற்றும் வியர்வையும் போகாது. சணல் சாக்கு முள்போல் உறுத்தும். பருத்திப் புடவையும் வேட்டியும் பழையதாக வீட்டில் இருக்கும். அவற்றை ஏழெட்டு அடுக்காகப் பரப்பி, மெத்தை தைப்பவரிடம் கொடுத்துச் சேணத்தைவிட நான்கு விரல் பெரிதாகத் தட்டையாகத் தைக்கச் சொல்லுங்கள். முடிச்சும் தடித்த தையலும் பாரம் விழும் இடத்தில் வரக் கூடாது. தோள்மேட்டுக்கு மேலே வரும் பகுதி வளைவாக இருக்கட்டும். இப்படி இரண்டு தைத்துக்கொண்டால் ஒன்று காயும்போது மற்றொன்றைப் போடலாம். அதன் மேல் உங்கள் போர்வையைச் சுருக்கம் இல்லாமல் மடித்துப் போடுங்கள்.

கடற்கரையில் விரிப்பைவிடப் பெரிய பகை மணல். காற்றில் பறக்கும் மணலும் உப்பும் வியர்வையில் ஒட்டிக்கொண்டு உப்புத்தாள்போல் தோலைத் தேய்க்கும். காலையில் சேணம் வைக்கும் முன்பு முதுகையும் வார் படும் இடத்தையும் தூரிகையால் தட்டிவிடுங்கள். நண்பகலில் ஒரு முறை எல்லாவற்றையும் இறக்கி, விரிப்பை உதறி, குதிரைக்குத் தண்ணீர் காட்டி, அரை மணியாவது முதுகுக்குக் காற்றுப் பட விடுங்கள். மாலையில் நல்ல தண்ணீரால் முதுகைக் கழுவுங்கள். கடல் தண்ணீரோடு விட்டுவிட வேண்டாம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. குதிரை தன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரை, சேணத்தையும் சேர்த்து, சுமக்கலாம் என்பது பொதுவாகக் கைக்கொள்ளப்படும் கணக்கு. எடை பார்க்க ஓர் அளவுநாடா போதும். முன்னங்கால்களுக்குப் பின்னால் மார்பின் சுற்றளவையும், மார்பு முனையிலிருந்து பின்தொடையின் எலும்பு முனை வரை உள்ள நீளத்தையும் சென்டிமீட்டரில் எடுங்கள். சுற்றளவைச் சுற்றளவாலேயே பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 11,880 ஆல் வகுத்தால் கிலோகிராமில் எடை வரும். சுற்றளவு 140, நீளம் 145 என்றால் குதிரை ஏறக்குறைய 239 கிலோ. அது சுமக்கக்கூடியது சேணத்தோடு சேர்த்து 48 கிலோவுக்குள். அதாவது குழந்தைகளை ஏற்றலாம். படம் எடுத்துக்கொள்ள ஏறுகிறேன் என்று வரும் பெரியவர்களை ஏற்ற முடியாது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் அதை மறுப்பது கடினம் என்று அறிவேன். ஆனாலும் அந்த முதுகு நல்லபடியாக இருந்தால்தான் உங்கள் வீட்டு அடுப்பு எரியும்.

கேள்வி: ஐப்பசி, கார்த்திகை மழையில் விரிப்புகள் காய்வதே இல்லை. என் இரண்டு குதிரைகளில் ஒன்றுக்கு முதுகில் வட்டமாக மயிர் உதிர்ந்திருக்கிறது. இரண்டுக்கும் ஒரே விரிப்பைப் பயன்படுத்தலாமா?
– வாசகர் ஒருவர், பாகூர்

பதில்: கூடாது. வட்டமாக மயிர் உதிர்ந்து செதில் படிவது படர்தாமரையாக இருக்கலாம். அது விரிப்பு, வயிற்று வார், தூரிகை ஆகியவற்றின் வழியே ஒரு குதிரையிலிருந்து மற்றொன்றுக்குத் தொற்றும். கையால் தொடும் உங்களுக்கும் தொற்றும். அந்தப் பூஞ்சையின் வித்துகள் துணியில் பல மாதங்கள் உயிரோடு இருக்கும் என்பதால், ஒரு முறை வெயிலில் போட்டு எடுத்தால் தீர்ந்தது என்று நினைக்க வேண்டாம். மழை ஈரத்தில் ஊறிய தோலில் மயிர் கொத்துக் கொத்தாகப் பொருக்கோடு உரியும் வேறொரு நோயும் இருப்பதால், எது என்று மருத்துவர் பார்த்துச் சொன்ன பிறகே மருந்து போடுங்கள். பிள்ளைகளை அந்தக் குதிரையைத் தொட விடாதீர்கள்.

துவைப்பதைப் பொறுத்தவரை, முதலில் காய்ந்த மயிரைத் தூரிகையால் நீக்கிவிட்டு, மென்மையான சோப்புத்தூளைக் குறைவாகப் போட்டு, நுரை முழுவதும் போகும்வரை அலசுங்கள். துணியில் தங்கிய சோப்பு வியர்வையில் கரைந்து தோலை அரிக்கும். துணியை மென்மையாக்கும் வாசனைத் திரவம் வேண்டாம். அதைப் போட்ட பருத்தி வியர்வையைச் சரியாக உறிஞ்சாது. கம்பளி விரிப்பைக் குளிர்ந்த நீரில் அலசி, முறுக்காமல், தட்டையாகப் பரப்பிக் காயவிடுங்கள். சூடான நீரில் போட்டால் சுருங்கிவிடும்.

அடைமழை நாட்களில் மாட்டுக்கொட்டகையின் உத்தரத்தில் கொடி கட்டி, விரிப்பை இரண்டாக மடிக்காமல் நீளவாக்கில் தொங்கவிட்டு, கீழே ஒரு மின்விசிறி வைத்தால் மறுநாள் காலைக்குள் ஓரளவு காய்ந்துவிடும். கையால் பிழிந்து பார்த்து உள்பஞ்சில் குளிர்ச்சி தெரிந்தால் அது இன்னும் காயவில்லை. அன்று சேணம் வைக்காமல் குதிரையை நடத்திக்கொண்டு மட்டும் போங்கள். ஒவ்வொரு குதிரைக்கும் ஒரு நிறத்தில் நூல் கட்டி விரிப்பையும் வாரையும் தூரிகையையும் தனித்தனியாக வையுங்கள். நோய்ப்பட்ட குதிரையின் விரிப்பு மிகவும் பழையதாக இருந்தால் எரித்துவிடுவதே மேல். தோல் முழுவதும் ஆறி மயிர் முளைக்கும்வரை அதன் முதுகில் எந்த விரிப்பும் வேண்டாம், சேணமும் வேண்டாம்.